பாதிப்பில்லாத வேலை

கட்டின புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நானும் அவர் இருந்தமட்டும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். ரேஷன் கடையில் பேர் கேட்டால்கூட, "மலை இருக்குல்ல, அதோட ஒரு சாமியச் சேத்து எழுதிக்கங்க" என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். மனுஷனே போய்ச் சேர்ந்துவிட்டார். இனி எந்த ஆயுசு குறையப்போகிறது? மலைச்சாமி. என் வீட்டுக்காரர் பேர் மலைச்சாமி. சொல்லும்போது நாக்குக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இருக்கும்போதே நாலு தடவை வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கலாம்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் கல்யாணம் இல்லை, பிள்ளைகள் பிறந்தது இல்லை. 2003-ஆம் வருஷம், எங்கள் ஊர் முக்கில் சோடியம் லைட் வந்ததே, அந்த வருஷம்தான். லைட்டைக் கொண்டுவந்தவள் நான். அந்த லைட்டால் நட்டப்பட்டவர் அவர். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் நிலக்கோட்டைக்கும் கொடைரோட்டுக்கும் நடுவில், பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பூக்காடுதான் பிழைப்பு. மல்லிகையை மொட்டாகப் பறிக்க வேண்டும். விரிந்துவிட்டால் மார்க்கெட்டில் ஒருத்தனும் சீந்த மாட்டான். அதனால் பொழுது விடியுமுன்னே பொம்பளைகள் காட்டில் இறங்கிவிடுவோம். காட்டுக்குப் போகிற வண்டிப்பாதை எங்கள் செவ்வந்தித் தோட்டத்தை ஒட்டிப் போகும். அந்தப் பாதையில்தான், எங்களோடு பூ எடுக்கிற முத்துப்பேச்சியின் மகள் சுகன்யாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த பிள்ளை. ஆத்தாளுக்கு ஒத்தாசையாகப் பூ எடுக்க வந்தது. பூ வேனில் போட்டுக்கொண்டு பறந்தோம். வழியிலேயே, என் மடியில்தான், உயிர் போனது. பிறகு ரிசல்ட் வந்தபோது பிள்ளை பாஸாகியிருந்தது. அதை முத்துப்பேச்சியிடம் சொல்வதா வேண்டாமா என்று ஊரே முழித்துக்கொண்டு நின்றது. நான்தான் போய்ச் சொன்னேன். பெற்றவளுக்குத் தெரியாமல் அந்த மார்க்கை யார் வைத்துக்கொள்வது?

அடுத்து வந்த பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் வார்டைப் பொம்பளைக்கு ஒதுக்கினார்கள். நான் நின்றேன். "லைட்டுப் போடுவேன்" என்று ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்தேன், ஜெயித்தேன். பொம்பளை மெம்பர் என்றால் பின்னால் புருஷன் நின்று ஆட்டிவைப்பான் என்று நினைத்து, ஆட்கள் காரியம் பேச இவரிடம் வந்து நிற்பார்கள். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்குச் செவ்வந்திக்குத் தண்ணி பாய்ச்சவே பொழுது பத்தல அப்பு. மெம்பரம்மா உள்ள இருக்காக, கேளுங்க" என்று நகர்ந்துவிடுவார். அதிலிருந்து வீட்டிலும் எனக்கு அந்தப் பேர்தான். "மெம்பரம்மா, வெஞ்சனம் என்ன?" என்பார். "சட்டினி வைக்கத் தீர்மானம் போட்டிருக்கு" என்பேன். எங்கள் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

மே தினத்துக் கிராம சபைக்கு யூனியன் ஓவர்சியர் மதியழகன் வந்திருந்தார். சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். லைட்டுக்கு மேலிடத்துச் சம்மதம் கிடைத்துவிட்டது என்று சொன்னார். எனக்குச் சந்தோஷத்தோடு ஒரு பயமும் வந்தது. அதற்கு நாலைந்து வருஷம் முன்னால் எங்கள் பக்கம் யாரோ ஒருத்தர் தோல் பதனிடுகிற ஷாப் கொண்டுவரப் பார்த்தார். தோல் ஷாப் தண்ணீரால் கிணறு கெட்ட கதை இந்தச் சீமையில் யாருக்குத் தெரியாது? பந்தல் போட்டு, மைக் வைத்து, அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்டார்கள். மறுபடியும் கேட்டார்கள். கடைசியில் அந்த ஷாப் வரவே இல்லை, அது வேறு. ஆனால் லைட்டுக்கும் இப்படிப் பந்தல் போட்டால் என் பதவிக்காலமே முடிந்துவிடுமே?

"ஏன் சார், இதுக்கும் வந்து ஆராய்ச்சி பண்ணி, ஊரக் கூட்டிக் கேட்டுத்தான் போடுவீகளா?" என்று எழுந்து கேட்டேன்.

மதியழகன் சிரித்தார். "அதெல்லாம் பேக்டரி, குவாரி மாதிரிப் பெரிய வேலைக்கும்மா. காத்து கெடும், தண்ணி கெடும்னா பாக்கணும். தெருவிளக்கு, சாக்கடை, சின்னப் பாலம் இதுக்கெல்லாம் விலக்கு உண்டு. பாதிப்பில்லாத வேலைன்னு கவர்மெண்டே பிரிச்சு வச்சிருக்கு. நேரா வந்து கம்பத்த நட வேண்டியதுதான்."

சபையில் கை தட்டினார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல இருந்தது. நானும்தான் தட்டினேன். அதைத் தப்பென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கோழிக்கூண்டு கட்டுவதற்கெல்லாம் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தால், கேட்டு முடிவதற்குள் இன்னும் ரெண்டு பிள்ளைகளைப் பாம்பு கடித்திருக்கும்.

ஆனி மாசத்தில், எங்கள் தோட்டத்தை ஒட்டின முக்கில் கம்பம் வந்தது. வேப்பமரத்தைவிட உயரம். உச்சியில் ஒரே ஒரு பெரிய லைட், வண்டிப்பாதையைப் பார்த்து. மாலையில் போட்டதும் முதலில் சிவப்பாக முனகிவிட்டு, அப்புறம் மஞ்சளாக ஒரு வெளிச்சம் விரிந்தது பாருங்கள், ஊரே வாயைப் பிளந்தது. பயல்கள் கபடிக்குக் கோடு கிழித்தார்கள். பொம்பளைகள் பூக்கட்டுவதற்குப் பாயைத் தூக்கிக்கொண்டு முக்குக்கே வந்துவிட்டார்கள். முத்துப்பேச்சி மட்டும் தனியாக வந்தாள். ஒரு கட்டிச் சூடத்தைக் கம்பத்தடியில் ஏற்றிவைத்துவிட்டு, சிமெண்டு போட்ட அந்த அடிமேடையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்வது?

ஸ்விட்ச் பெட்டியின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அந்தி சாய்ந்தால் போட வேண்டும், விடிந்தால் அமர்த்த வேண்டும். பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "மெம்பரம்மா, நெலாவ வெலைக்கு வாங்கிட்டீக. இனி அமாவாசைக்கு என்ன பண்ணுவீக?" என்றார். அன்றைக்கு அவருக்கு அவ்வளவு பெருமை.

இந்த இடத்தில் முத்தாலம்மன் சாட்டு பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐப்பசியில் எங்கள் ஊரில் முத்தாலம்மனுக்குப் பண்டிகை. ஒரே நாள் சாமி. வேளார் மண்ணைப் பிசைந்து ஆத்தாவைச் செய்வார். காலையில் கண் திறப்பார்கள். சாயங்காலம் ஊருக்கு வெளியே பூஞ்சோலை என்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கலைத்துவிடுவார்கள். கண் திறந்ததும் ஆத்தா கழுத்தில் விழுகிற முதல் மாலை செவ்வந்தி மாலை. அதைக் கொடுக்கிற பாத்தியதை மலைச்சாமி வீட்டுக்குத்தான். அவர் அப்பா கொடுத்தார், அவர் தாத்தா கொடுத்தார். காசு பணம் ஒன்றும் கிடையாது. கோயிலில் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கூப்பாட்டுக்காக இந்த மனுஷன் வருஷம் முழுக்கக் குனிந்து களை எடுப்பார். வாய் திறந்து ஒன்றுக்கும் ஆசைப்படாதவருக்கு அது ஒன்றுதான் ஆசை. ஒரு வருஷம் மாலை தவறினால் பாத்தியதை பங்காளி சடையாண்டி வீட்டுக்குப் போய்விடும். சடையாண்டியும் வருஷா வருஷம் பக்கத்திலேயே ஒரு மாலையோடு தயாராக நிற்பான், தவறாதா என்று.

அந்த ஆடியில் எங்கள் தோட்டத்தில் லைட்டை ஒட்டின பாத்தி மட்டும் குபுகுபுவென்று வளர்ந்தது. மற்றச் செடிகள் முழங்காலுக்கு நிற்கிறது என்றால், இது இடுப்புக்கு. இலை ஒவ்வொன்றும் கரும்பச்சை. இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா புள்ள, லைட்டு வந்த ராசி. இம்புட்டுச் செழிப்ப நான் பாத்ததே இல்ல" என்று சொல்லி, மஞ்சள் துணி கிழித்துக் கொண்டுபோய் அந்தப் பாத்தியைச் சுற்றிக் கட்டிவிட்டார். "ஆத்தா, இந்தப் பாத்தி உனக்கு. முதல் மாலை இதுலதான்" என்று விழுந்து கும்பிட்டார். நேர்ந்துவிட்டால் விட்டதுதான். கிடாயாக இருந்தாலும் செடியாக இருந்தாலும் எங்கள் பக்கம் பேச்சு மாறக் கூடாது. வேறு பாத்திப் பூவை அந்த மாலையில் ஓர் இணுக்குக்கூட வைக்கக் கூடாது. எந்தப் பாத்தி எப்படிப் பூக்கும் என்று பார்த்துவிட்டு நேர்ந்திருக்கலாம். பச்சையைப் பார்த்து மயங்கிவிட்டார். நானும் பக்கத்தில் நின்று குலவைதான் போட்டேன்.

ஆவணி பிறந்தது. மற்றப் பாத்திகளில் மிளகு மிளகாக மொட்டு எட்டிப் பார்த்தது. சாமிக்கு விட்ட பாத்தியில் ஒன்றும் இல்லை. இலை, இலை, இலைதான். லைட்டடியில் வந்து உட்காருகிற கூட்டத்தின் கண்ணடிதான் என்று சொல்லி ஒரு பூசணிக்காயில் மூஞ்சி எழுதித் தொங்கவிட்டார். "அந்த மூஞ்சியப் பாத்தா மொட்டுக்கூடப் பயந்து உள்ள போயிரும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எப்போதும் சிரிக்கிறவர் சிரிக்காதபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

அந்த வாரம் நிலக்கோட்டை மார்க்கெட்டில் எங்கள் பூவை வாங்குகிற ஜெகபர் அலி அண்ணனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். தராசை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, பக்கத்துல லைட்டு எதும் இருக்கா?"

"இருக்கே, நான் போட்ட லைட்டு!"

"அப்ப அதான். ஓசூர்ப் பக்கம் செவ்வந்திக் காட்டுல வேணும்னே பல்பு தொங்க விடுறாங்கம்மா. இருட்டு நீளமா கெடச்சாத்தான் செவ்வந்தி மொட்டு வைக்கும். வெளிச்சம் பட்டா செடி இன்னும் பகல்தான்னு நெனச்சு வளந்துக்கிட்டே இருக்கும். வெலை ஏறுற நேரம் பாத்து பல்ப அமத்துவாங்க, பெறகு பூக்கும். இப்ப அமத்துனீங்கன்னா பண்டிகைக்கு வந்தாலும் வரும்."

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே தோட்டத்துக்குப் போனேன். நின்று பார்த்தேன். மொட்டில்லாத செடியெல்லாம் கம்பத்துக்கு எதிரே விசிறி மாதிரி விரிந்து நின்றது. வெளிச்சம் எதுவரை விழுமோ அதுவரை பச்சை. அதைத் தாண்டினால் மொட்டு. அளந்து வைத்ததுபோல இருந்தது. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். போட்டது நான், அவருக்கு எப்படிச் சொல்வேன்? சொல்லத்தான் செய்தேன். கேட்டுவிட்டு ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார். "இதுக்கு என்ன தெரியும் பாவம், பகல்னு நெனச்சுக்கிருச்சு" என்றார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு திட்டி ஆறியிருப்பேன்.

பொழுது சாய்ந்ததும் சாக்கைப் போட்டு மூடிவிடலாம் என்றேன். அதற்கு மட்டும் பதறிவிட்டார். "ஆத்தாளுக்கு விட்டதுக்குக் கோடித்துணி போடுற மாதிரி மூடுறதா? வாயக் கழுவு." சரி, லைட்டுக்கு ஒரு தகர மூடி போட்டால்? வெளிச்சம் பாதையில் விழும், தோட்டத்தில் விழாது. ஒரு தகரத் துண்டு, ரெண்டு போல்ட்டு. லைன்மேனைக் கூப்பிட்டேன். "அக்கா, கவர்மெண்டு கம்பம். உத்தரவு இல்லாம ஏறுனா என் வேலை போயிரும்" என்று கும்பிடு போட்டுவிட்டான். மதியழகன் சாரிடம் போனேன். அவரும் கையைப் பிசைந்தார். "திண்டுக்கல்ல பெரிய ஆபீஸ்ல கேட்டுப் பாருங்கம்மா, நான் சொன்னா எடுபடாது" என்றார்.

திங்கள்கிழமை ரெண்டு பேரும் திண்டுக்கல் பஸ் ஏறினோம். பிள்ளைகள் இல்லாமல், பூக்கூடை இல்லாமல், நாங்கள் ரெண்டு பேர் மட்டும் வெளியே போனது கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. வெளுத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்தார். சின்னாளபட்டி தாண்டி மலைக்கோட்டை தெரிந்ததும், "அங்கன ஏறிப் பாத்தா நம்ம லைட்டு தெரியுமா?" என்றார். "தெரியும், செவ்வந்திதான் தெரியாது" என்று வாயில் வந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன். எனக்குக்கூட அடக்கத் தெரியும் சில நேரம்.

ஆபீஸில் ஒரு அம்மா. மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார், மனுவை முழுசாகப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த லைட்டு விலக்குப் பட்டியல்ல வந்த வேலைம்மா."

"ஆமா மேடம். அதனாலதான் சட்டுன்னு வந்துச்சு. ரொம்ப உபகாரம். ஒரு தகர மூடி மட்டும்..."

"அதத்தான் சொல்றேன். கம்பத்துல ஒண்ண மாத்தணும்னா பாதிப்புன்னு காரணம் காட்டணும். பாதிப்பே இல்லாத வேலைன்னு எழுதித்தானே விலக்குக் குடுத்திருக்கு? பாதிப்பே இல்லாததுல பாதிப்புன்னு நான் எப்படிம்மா எழுத முடியும்?"

"எங்க தோட்டத்துக்கு வந்து பாருங்க மேடம், தெரியும்."

"வந்து பாக்கணும்னாலும் அதுக்கு உத்தரவு வேணும். விலக்கான வேலையப் போய்ப் பாக்க உத்தரவு போட வழியில்ல."

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஏன் மேடம், உள்ள வர்றதுக்கு ஒரு வாசல் தொறந்து வச்ச கவர்மெண்டு, வெளிய போக ஒரு சந்தாவது விட வேணாமா? பாக்காமப் போட்டீக, சரி. போட்ட பெறகும் பாக்க மாட்டோம்னா?" என்று சத்தம் போட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா கோபப்படவில்லை. "உங்க கேள்வி நியாயந்தாம்மா. எங்கிட்ட பதில் இல்ல" என்றார். அப்படிச் சொல்லிவிட்டால் எப்படிச் சண்டை போடுவது? இவர் என் முழங்கையைத் தொட்டு, "வா புள்ள, அந்தம்மா என்ன பண்ணும்" என்று எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வெளியே வந்து ரோட்டோரம் நின்று அழுதேன். இவர் துண்டைக் கொடுத்துவிட்டு, "திண்டுக்கல் வந்துட்டு பிரியாணி திங்காமப் போனா அதுதான் பெரிய பாதிப்பு" என்றார். அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. சீரகச் சம்பா பிரியாணி, நெய் மணக்க. தன் இலையிலிருந்த நல்லி எலும்பை எடுத்து என் இலையில் வைத்தார். கடையில் அத்தனை ஆம்பளைகள் பார்க்க! நான் வெட்கத்தில் குனிந்துகொண்டேன். எத்தனை விருந்து சாப்பிட்டிருக்கிறேன் அதற்கப்புறம். ஒன்றும் அந்த இலைக்கு ஈடாகவில்லை.

நாங்கள் வெறுங்கையோடு வந்த சேதி ஊருக்குள் பரவியது. மறுநாள் சாயங்காலம் முத்துப்பேச்சி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, பண்டிகை வரைக்கும் லைட்ட அமத்திப் போடுங்க. நாங்க டார்ச்சு வச்சுக்கிறோம். பூ எடுக்குற எல்லார்ட்டயும் கேட்டுட்டேன். அண்ணன் மாலை தவறக் கூடாது."

அவள் வாயால் அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!  உண்மையைச் சொல்கிறேன், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அவர் மாலைதான் பெரிதாகத் தெரிந்தது. சாவியை இடுப்பில் இன்னும் இறுக்கமாகச் சொருகிக்கொண்டு, "சரித்தா" என்றேன்.

அன்றைக்கு அந்தி சாய்ந்தும் நான் முக்குக்குப் போகவில்லை. அடுப்பில் வேலை இருப்பதுபோல உருட்டிக்கொண்டிருந்தேன். இவர் தோட்டத்திலிருந்து வந்து கை கால் கழுவினார். முக்குப் பக்கம் பார்த்தார்.

"ஏன் லைட்டு எரியல?"

சொன்னேன். முத்துப்பேச்சியே வந்து கேட்டாள் என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

"மாமா, ஆத்தா கோவிச்சுக்கிருவா."

"கோவிச்சா ஒரு பொங்க வச்சு சரிக்கட்டிக்கிறலாம். பாம்புக்கு எங்கிட்டுப் போயி பொங்க வைக்க? நாளைக்கு டார்ச்சுல பேட்டரி தீந்த அன்னைக்கு இன்னொரு பிள்ளையக் கடிச்சா, அந்த மாலைய எந்தக் கையால எடுத்துக் குடுப்பேன்? குடு சாவிய."

சத்தம் போடவில்லை. என் இடுப்பிலிருந்து அவரே உருவிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் முக்கு சிவந்து மஞ்சளானது. அன்றிலிருந்து பண்டிகை வரைக்கும் அந்தச் சாவியை அவர் என்னிடம் தரவே இல்லை. தினம் அந்தியில் அவரே போய்ப் போடுவார். தன் செடியைப் பகலென்று ஏமாற்றுகிற அந்த லைட்டை அவர் கையாலேயே. போட்டுவிட்டுப் பாத்தியோரம் செத்த நேரம் நின்றுவிட்டு வருவார். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். எனக்கே வாய் ஓய்ந்துபோனது அந்த நாட்களில்தான்.

பண்டிகை வந்தது. பாத்தியில் மொட்டுக்கூட இல்லை.

காலையில் மேளம் முழங்க ஆத்தாவுக்குக் கண் திறந்தார்கள். ஊர் நாட்டாமை கூப்பிட்டார்: "மலைச்சாமி வகையறா முதல் மாலை வரட்டும்!" இவர் தாம்பாளத்தோடு வந்தார். துணியை விலக்கினார். பச்சை மாலை. செவ்வந்தி இலையையும் கொழுந்தையும் நெருக்கி, விடிய விடிய அவரே கட்டின மாலை. அதில் ஒரு பூ இல்லை. தோட்டத்தின் மறுகோடியில் கூடை கூடையாகப் பூத்துக் கிடக்க, அதில் ஒன்றை எடுத்து வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அதைச் செய்கிற மனுஷன் இல்லை அவர்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ ஒருத்தன், "ஆத்தாவ ஆட்டுக்குட்டின்னு நெனச்சுட்டாரா?" என்றான். சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நாட்டாமை தர்மசங்கடமாகப் பார்த்தார். "மலைச்சாமி, பூ இல்லாத மாலைய முதல் மாலைன்னு எப்படிப்பா எடுக்குறது?"

"செடி குடுத்தத கொண்டாந்திருக்கேன். நேந்தது இதுதான். ஒங்க இஷ்டம்" என்றார் இவர்.

முடிந்தது. சடையாண்டியின் மஞ்சள் மாலை ஆத்தா கழுத்தில் ஏறியது. அந்த வருஷத்திலிருந்து இன்றைக்கு வரைக்கும் கூப்பிடுவது சடையாண்டி வகையறாவைத்தான். இவர் தாம்பாளத்தைக் கோயில் சுவரோரம் வைத்துவிட்டு, கூட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொண்டார். அதிகாரியிடம் கத்தின நான், ஊரில் ஒருத்தரையும் விட்டுவைக்காத நான், அங்கே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் ஆத்தாவைப் பூஞ்சோலைக்குத் தூக்கினார்கள். வண்டிப்பாதை வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் தோட்டத்துப் பக்கம், சுகன்யா விழுந்த இடத்துக்கு வந்ததும், முத்துப்பேச்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு குறுக்கே வந்து நின்றாள். கையில் இவர் வைத்துவிட்டு வந்த தாம்பாளம்.

"எறக்குங்க" என்றாள்.

தூக்கினவர்கள் திகைத்து நின்றார்கள். நாட்டாமை முன்னால் வந்து, "என்னத்தா இது, வழிய விடு, நேரமாகுது" என்றார்.

"ஆத்தா கலையப்போறா. இனி முதல் மாலைன்னு என்ன, கடைசி மாலைன்னு என்ன? மலைச்சாமி அண்ணன் பூவ விட்டுட்டு இந்தப் பாதைக்கு வெளிச்சத்த விட்டாரு. எங்க பிள்ளைகளுக்காக. என் பிள்ளைக்கு அது இல்லாமப் போச்சு. மத்ததுகளாவது நடந்து போகட்டும்னு விட்டாரு. அத ஆத்தா போட்டுக்க மாட்டாளா? அவளும் பிள்ளை பெத்தவதான?"

 காலையில் சிரித்தவன் தலையைக் குனிந்துகொண்டான். நாட்டாமை பூசாரியைப் பார்த்துத் தலையாட்டினார். பூசாரி சடையாண்டியின் மாலைக்கு மேலே பச்சை மாலையைப் போட்டார். செவ்வந்தி இலையைக் கசக்கினால் ஒரு வாசம் வருமே, கைப்பும் குளிர்ச்சியுமாக, அந்த வாசம் பாதை முழுக்க அடித்தது. பொம்பளைகள் குலவை போட்டார்கள். ஆத்தா அந்த மாலையோடுதான் பூஞ்சோலைக்குப் போனாள். அந்த மாலையோடுதான் கலைந்தாள்.

திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தின் கடைசியில் என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார். ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பூஞ்சோலையிலிருந்து வீடு வந்து சேருகிற வரைக்கும் விடவில்லை.